பேய் சம்பாதித்துக் கொடுத்த ஹோட்டல்

கொலராடோவில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு கடமை உண்டு. அம்மா அப்பா வந்தாலும் சரி, மச்சான் வந்தாலும் சரி, கூடப் படித்தவன் ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் எட்டிப் பார்த்தாலும் சரி, டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டிப் போய் ராக்கி மலைத் தேசியப் பூங்காவைக் காட்டியாக வேண்டும். பூங்காவின் வாசலில் இருக்கும் ஊர் எஸ்டஸ் பார்க். 7,522 அடி உயரத்தில் இருக்கிறது, நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. ஊருக்குள் நுழையும்போதே வலது பக்க மேட்டில் சிவப்புக் கூரையோடு நீளமாக ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும். வண்டியில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "அதுதானே அந்தப் பேய் ஹோட்டல்?"

அதேதான். ஸ்டான்லி ஹோட்டல். திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய் 'தி ஷைனிங்' நாவலை எழுதக் காரணமாக இருந்த இடம். வந்தவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. பேயை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கட்டடத்துக்கு நல்ல கதை இருக்கிறது, சொல்லப்போனால் பேய்க் கதையை விட நல்ல கதை. ஆனால் அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. ஃப்ரீலன் ஆஸ்கர் ஸ்டான்லி, 1849இல் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்தில் கிங்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இன்னொருவர் ஃபிரான்சிஸ். பெரியவர்களான பிறகும் இரண்டு பேரும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி தாடி. படங்களைப் பார்த்து இவர் யார் அவர் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இரண்டு பேரும் வாத்தியார் வேலையில் ஆரம்பித்தவர்கள். அப்புறம் ஃபிரான்சிஸ் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கக் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூச வேண்டும். அதைக் கையால் பூசாமல் மெஷினில் பூச ஒரு வழி கண்டுபிடித்து 1886இல் காப்புரிமை வாங்கினார்கள். அந்தத் தகட்டுக் கம்பெனி நன்றாக ஓடியது. பிற்பாடு அதைக் கோடக் கம்பெனியின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விலைக்கு வாங்கிக்கொண்டார். ஹோட்டல் கட்டிய பணத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இதற்கிடையில் 1897இல் இருவரும் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார்கள். 1899இல் ஃப்ரீலன் தன் மனைவி ஃப்ளோராவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் காரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் மலை உச்சிக்கு ஏறினார். அந்த மலைமேல் ஏறிய முதல் கார் அதுதான். அந்த வருடமே கார் வடிவமைப்பை 2,50,000 டாலருக்கு விற்றுவிட்டு, கொஞ்ச நாளில் கை துறுதுறுக்க மறுபடியும் கார் செய்ய இறங்கிவிட்டார்கள். 1906இல் ஃபுளோரிடா கடற்கரை மணலில் அவர்கள் செய்த ரேஸ் கார் மணிக்கு 127 மைல் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. நீராவி என்றால் மெதுவாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்ணிக்கை நம்ப முடியாததாக இருந்தது.

1903இல் ஃப்ரீலனுக்கு 53 வயது, காசநோய். எடை 118 பவுண்டுக்கு, அதாவது 53 கிலோவுக்கு இறங்கிவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடம் இருந்தது. பணக்காரராக இருந்தாலும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்றுதான்: மலைக்காற்று. ஈரமில்லாத காற்று, நல்ல வெயில், ஓய்வு, சாப்பாடு. அதனால் அந்தக் காலத்துக் கொலராடோ முழுக்க இருமிக்கொண்டு வந்து இறங்கியவர்கள். டென்வரில் வசதியில்லாத காசநோயாளிகளுக்காக 1899இல் திறந்த நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனை இன்றைக்கும் நுரையீரல் வைத்தியத்துக்குப் பேர் போனது. நம் பக்கத்திலும் இதே நம்பிக்கைதான். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் ஆரம்பித்ததும் காற்றையும் வெளிச்சத்தையும் நம்பித்தான். எலெக்ட்ரிக் ட்ரெயின் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனில் நிற்பதால் நமக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயராகிவிட்டது.

சரி, ஸ்டான்லிக்கு வருவோம். அந்தக் கோடையை எஸ்டஸ் பார்க்கில் கழித்தார். உடம்பு தேறியது. மலைக்காற்று குணப்படுத்தியதா, ஓய்வா, அதிர்ஷ்டமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அவர் மட்டும் மலைதான் என்று நம்பினார். அடுத்த வருடமே அங்கே வீடு கட்டிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு கோடைக்கும் வந்தார். 1940இல் இறக்கும்போது அவருக்கு 91 வயது. ஆரோக்கியமாக இருந்த இரட்டைச் சகோதரர் 1918இலேயே கார் விபத்தில் போய்விட்டார்.

அவர் வந்தபோது அந்த ஊரின் நிலத்தில் பெரும் பகுதி ஒரு அயர்லாந்துப் பிரபுவின் பேரில் இருந்தது. டன்ரேவன் என்பவர். 1872 கடைசியில் வேட்டைக்கு வந்தவருக்கு இடம் பிடித்துப்போய், முழுப் பள்ளத்தாக்கையும் தன் வேட்டைக்காடாக ஆக்கிக்கொள்ள ஆசைப்பட்டார். வெளிநாட்டுக்காரர் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. குடியேறிப் பயிர் செய்கிறவனுக்கு 160 ஏக்கர் என்று அரசாங்கம் கொடுத்த நிலங்களுக்கு, கிடைத்த ஆட்களின் பெயரையெல்லாம் போட்டு மனு கொடுத்து, பிறகு தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். பினாமிதான், வேறென்ன. 1877இல் அவரும் ஒரு ஹோட்டல் கட்டினார். ஊர்க்காரர்களோ அவரைச் சும்மா விடவில்லை; தகராறு மேல் தகராறு, ஒரு கட்டத்தில் மனுஷன் வருவதையே நிறுத்திவிட்டார். அந்த நிலத்தைத்தான் ஸ்டான்லியும் சான்பார்ன் என்ற கூட்டாளியும் சேர்ந்து 1908இல் வாங்கினார்கள், ஆறாயிரம் ஏக்கருக்கு மேல். டன்ரேவனின் ஹோட்டல் 1911இல் எரிந்துபோனது.

ஸ்டான்லி ஹோட்டல் வேலை 1907இல் தொடங்கி, 1909 ஜூலை 4 அன்று முறைப்படித் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பே முதல் கூட்டமாக வந்து தங்கியவர்கள் மாநிலத்து மருந்துக்கடைக்காரர்கள், மாநாட்டுக்காக. மருந்தில்லாத நோயிலிருந்து தப்பித்தவர் கட்டிய ஹோட்டலில் முதல் விருந்தாளிகள் மருந்துக்கடைக்காரர்கள்! வெளிச்சுவரெல்லாம் மரப்பலகை. மலை ஊரில் எல்லோரும் உருட்டுக் கட்டையை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டான்லி தன் ஊர்ப் பக்கத்து, அதாவது நியூ இங்கிலாந்து என்கிற வடகிழக்கு மாநிலங்களின், மாளிகை பாணியைக் கொண்டுவந்து இறக்கினார்: தூண் வைத்த நீளத் திண்ணை, சமச்சீரான ஜன்னல் வரிசை, உச்சியில் ஒரு குட்டி மாடக்கூண்டு. முதலில் அடித்தது மஞ்சள் நிறம். வெள்ளை பிறகு வந்தது. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே 14,259 அடி உயர லாங்ஸ் சிகரம். அந்தத் திண்ணைதான் எனக்குக் கட்டடத்திலேயே பிடித்த இடம். ஸ்டான்லி உட்கார்ந்து பார்க்க விரும்பியது அந்த மலையைத்தான் என்று திண்ணையில் நின்றால் புரியும்.

ரயில் எஸ்டஸ் பார்க்குக்கு வரவில்லை, இன்று வரை வரவில்லை. அப்படியானால் விருந்தாளிகள் எப்படி வருவார்கள்? இங்கேதான் அந்த மனிதரின் மூளை. ரோட்டைச் செப்பனிடத் தானே பணம் போட்டார். தன் கம்பெனியிலேயே பெரிய நீராவி வண்டிகள் செய்தார். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை வரிசையாக உட்காரலாம், மேலே கான்வாஸ் கூரை. லயன்ஸ், லவ்லண்ட் ஸ்டேஷன்களில் இறங்கியவர்களை அந்த வண்டிகள் மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு வந்தன. குதிரை இழுத்துக்கொண்டிருந்த வழியில் இன்னும் பஸ் என்று பெயர்கூடப் பரவாத ஒன்று ஓடியது.

அடுத்தது கரண்ட். ஊரில் கரண்ட் கிடையாது. ஹோட்டலுக்கு வேண்டும். ஃபால் ரிவர் என்ற மலையாற்றில் மேலே ஒரு சின்ன அணை, அங்கிருந்து குழாய், கீழே டர்பைன் வைத்த ஒரு கொட்டகை, அவ்வளவுதான் மின்நிலையம். 1909இல் ஓட ஆரம்பித்தது. பனி உருகும் கோடையில் ஆற்றில் தண்ணீர் நிறைய, ஹோட்டல் திறந்திருப்பதும் கோடையில், ஆகவே கணக்குச் சரியாக இருந்தது. அறைக்கு அறை போன், எலெக்ட்ரிக் அடுப்பு வைத்த சமையலறை என்று 1909இல் பெருமையடித்துக்கொள்ள அந்த ஆற்றால்தான் முடிந்தது. மிஞ்சிய கரண்ட் ஊருக்கும் போனது. எஸ்டஸ் பார்க்கில் எரிந்த பல்புகள் ஹோட்டலின் மிச்சம். ஒரு ஊருக்கு ஹோட்டல் வருவது சாதாரணம். இங்கே ரோடு, வண்டி, வெளிச்சம் எல்லாம் ஹோட்டலுக்குப் பின்னால் வந்தன.

கட்டாமல் விட்டது ஒன்றுதான். குளிருக்கு ஹீட்டிங். முக்கியக் கட்டடத்தில் அது கிடையாது. இதைக் கேட்டு என் அம்மா நம்பவே இல்லை. "இவ்வளவு செலவு பண்ணினவன் அடுப்புக்குக் காசு பார்த்தானா?" என்றார். காசு விஷயம் இல்லை. கோடைக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்காகக் கட்டியது, இலையுதிர் காலம் வந்தால் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 1980 வாக்கில்தான் ஹீட்டிங் போட்டார்கள். இந்த ஒரு குறை பின்னால் இலக்கியத்தில் வந்து சேர்ந்தது, அதைச் சொல்கிறேன்.

கரண்ட் வந்தாலும் அடிக்கடி போகும் அல்லவா, அதற்காக அசிட்டிலீன் வாயு விளக்குகளையும் பொருத்தி வைத்தார்கள். 1911 ஜூன் 25, புயல் அடித்துக் கரண்ட் போன ராத்திரி. எங்கோ குழாயில் வாயு கசிந்து மாடி அறை ஒன்றில் தேங்கியிருந்திருக்கிறது. விளக்கேற்ற நெருப்போடு உள்ளே போனாள் ஒரு பணிப்பெண். வெடித்தது. தரை பெயர்ந்து அவள் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் விழுந்தாள். கால் எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தாள். மறுநாள் பத்திரிகைகள் ஆளுக்கொரு பெயர் எழுதின. யாரும் அவளிடமே போய்க் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த அறையின் எண் 217. அந்தப் பெண்ணின் ஆவி இன்றும் விருந்தாளிகளின் துணிகளை மடித்து வைப்பதாக டூர் காட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். விபத்தில் அவள் சாகவே இல்லை என்பது எந்த விருந்தாளிக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை. செத்த பிறகும் துணி மடிக்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பயங்கரமான பகுதி.

ஸ்டான்லி அந்த ஹோட்டலை வருமானத்துக்காக நடத்தினார் என்று சொல்ல முடியாது. ஃப்ளோராவுக்காகத் தனியாக ஒரு இசைக்கூடம் கட்டினார், அவருக்கு ஸ்டெயின்வே பியானோ. தானே வயலின் செய்வார். பக்கத்தில் வசித்த இயற்கை எழுத்தாளர் ஈனாஸ் மில்ஸ் தேசியப் பூங்கா கேட்டுப் போராடியபோது துணை நின்றார். 1915 ஜனவரியில் பூங்கா சட்டமானது. வேட்டையாடியே தீர்த்துவிட்ட எல்க் மான்களை 1913, 14இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், அந்தச் செலவிலும் அவர் பங்கு உண்டு. செப்டம்பரில் போனால் ஹோட்டல் புல்வெளியில் ஆண் எல்க் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு நிற்கும். கிட்டே போய் செல்ஃபி எடுக்காதீர்கள், முட்டித் தள்ளிவிடும்.

ஆனால் காலம் வேறு பக்கம் போனது. 1912இல் காடிலாக் கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு, தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? ஸ்டான்லி கார் கம்பெனி 1924இல் மூடியது. ஹோட்டலுக்கும் அதே கார்தான் எமன் என்பது என் எண்ணம். சொந்தக் கார் வைத்திருக்கிறவன் பெட்டி படுக்கையோடு வந்து ஒரு கோடை முழுக்க ஒரே இடத்தில் தங்க மாட்டான். ஒரு ராத்திரி, கூடாரம், அடுத்த ஊர். மலைமேல் காரேற்றிக் காட்டி ஊர் உலகத்துக்குப் பழக்கிவிட்டவரின் ஹோட்டலே அதில் அடிபட்டது. 1926இல் ஒரு கம்பெனிக்கு விற்றார். அவர்களால் ஓட்ட முடியவில்லை. 1929இல் அவர் தலையிலேயே திரும்ப விழுந்தது. 1930இல் ரோ எமரி என்பவருக்கு மறுபடி விற்றார். எமரி டென்வரிலிருந்து மலைகளைச் சுற்றிக் காட்டும் பஸ் கம்பெனி நடத்தியவர். பயணிகளை ராத்திரி எங்காவது படுக்க வைக்க வேண்டும், ஆகவே அவருக்கு அது பொருந்தியது. அதன் பிறகு பல கை மாறியது. பெரிய கட்டடம், வருடத்தில் நாலைந்து மாதம் மட்டும் வருமானம், பெயின்டுக்கே பாதி போய்விடும். 1970களில் பார்த்தவர்கள் அதைப் பாழடைந்த நிலையில்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு சமயத்தில், 1974 இலையுதிர் காலத்தில், கிங்கும் அவர் மனைவி டபிதாவும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு 27 வயது, அந்த வருடம்தான் முதல் நாவல் வெளியாகியிருந்தது, பக்கத்தில் போல்டரில் குடியிருந்தார். மறுநாளோ அதற்கடுத்தோ ஹோட்டலை மூடப்போகிறார்கள். அறை 217. வேறு விருந்தாளிகள் இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் இவர்கள் மேசையைத் தவிர மற்ற மேசைகளிலெல்லாம் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ராத்திரி தன் சின்னப் பையனைத் தீயணைப்புக் குழாய் நடைபாதையில் துரத்துவதாகக் கனவு கண்டு எழுந்து உட்கார்ந்தாராம். விடிவதற்குள் நாவலின் எலும்புக்கூடு மனதில் நின்றுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் மலை ஹோட்டல், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம்: ஹீட்டிங் போடாத அந்தக் கட்டடத்திலிருந்து நேராக வந்த கதை இது. 1909இலேயே ஹீட்டிங் போட்டிருந்தால் அன்றைக்கு அங்கே கூட்டம் இருந்திருக்கும், கிங்கும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

நாவல் 1977இல் வந்தது. அதே வருடம் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் ஏறியது. 1980இல் ஸ்டான்லி குப்ரிக் படம் எடுத்தார். அதில் ஸ்டான்லி என்று இயக்குநரின் பெயரில் மட்டும்தான் உண்டு. படத்தில் வெளியே தெரியும் ஹோட்டல் ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜ், உள்ளே எல்லாம் இங்கிலாந்தில் போட்ட செட். டிம்பர்லைன்காரர்கள், 217 என்று காட்டினால் எங்கள் அறையில் யாரும் தங்கமாட்டார்கள் என்று பயந்து, தங்களிடம் இல்லாத 237 என்ற எண்ணைப் போடச் சொன்னார்கள். அவர்கள் வியாபாரம் தெரியாதவர்கள். எஸ்டஸ் பார்க்கில் 217க்குத்தான் போட்டாபோட்டி. கிங்குக்குப் படம் பிடிக்கவில்லை. 1997இல் தொலைக்காட்சித் தொடராகத் தானே எழுதி ஸ்டான்லியிலேயே எடுக்க வைத்தார்.

இதற்கு நடுவில் ஆற்றோடு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஸ்டான்லி வந்திறங்கிய அதே 1903இல், மேலே லான் லேக் என்ற ஏரியில் கீழ்நாட்டு விவசாயிகள் பாசனத்துக்காக மண் அணை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். 1982 ஜூலை 15 விடிகாலையில் அது உடைந்தது. வெள்ளம் ஃபால் ரிவரில் இறங்கி, ஸ்டான்லியின் சின்ன அணையையும் உடைத்துக்கொண்டு, மின்நிலையத்தைச் சிதைத்து, ஊர்க் கடைத்தெருவில் சேறாக வந்து நின்றது. மூன்று பேர் இறந்தார்கள். ஹோட்டல் மேட்டில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் 1995இல் வாங்கிய புதிய உரிமையாளர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: அறை வாடகையில் மட்டும் இந்தக் கட்டடம் பிழைக்காது, கதையை விற்க வேண்டும். இரவுச் சுற்றுலா, பேய் பார்க்கும் டூர், அறை டிவியில் ஒரு சேனலில் இடைவிடாமல் குப்ரிக் படம். இதில் உச்சம் தோட்டத்துப் புதிர்ப்பாதை. படத்தில் பனியில் துரத்தும் காட்சி ஒரு புதர்வேலிப் புதிர்ப்பாதைக்குள் வரும் அல்லவா, அது நாவலில் இல்லை. நாவலில் மிருகங்களின் வடிவில் வெட்டிய செடிகள்தான். படம் இங்கே எடுக்கவும் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் "எங்கே அந்தப் புதிர்ப்பாதை?" என்று கேட்டுக் கேட்டு, 2015இல் முன்வாசலில் ஒன்றை நட்டுவிட்டார்கள். செடிகள் வளரக் காலம் பிடித்தது, ஆரம்பத்தில் அதில் தொலைந்துபோகக் குழந்தையால்தான் முடிந்திருக்கும்.

எனக்கு இதில் எரிச்சல் இருந்தது, இப்போது அவ்வளவாக இல்லை. இந்த வயதுள்ள மர ஹோட்டல்கள் பல எரிந்தோ இடிபட்டோ போய்விட்டன. டன்ரேவனுடையதற்கு இன்று சுவடில்லை. கூரை மாற்ற, வெள்ளையடிக்க, அந்தப் பழைய ஜன்னல்களைப் பழைய மாதிரியே வைத்திருக்கப் பணம் தரும் ஆவி எதுவாக இருந்தாலும் சரி என்று தோன்றிவிட்டது. பியானோ வாசிக்கிறாள் என்று ஃப்ளோராவையும் பேய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களே என்பதுதான் கொஞ்சம் வருத்தம்.

போகிறவர்கள் லாபியில் நிற்கும் ஸ்டான்லி காரைப் பாருங்கள். இசைக்கூடத்துக்குள் விட்டால் போய்ப் பாருங்கள். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு ஃபால் ரிவர் ரோட்டில் மேற்கே வண்டியை விட்டால், வெள்ளத்துக்குப் பிறகு சீர்செய்து மியூசியமாக வைத்திருக்கும் அந்த மின்நிலையம் வரும். கோடையில் மட்டும்தான் திறப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போகும்போதெல்லாம் உள்ளே மூன்று நான்கு பேருக்கு மேல் இருந்ததில்லை, டர்பைன் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.